இரண்டு புரதங்களுக்கு வரன் பார்க்க ஏலாக்குறிச்சிப் பக்கம் போனேன்

போன நவம்பரில், அதாவது 2006-இல், ஒரு வாரக் கடைசியில் பெரம்பலூர், அரியலூர், திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சிப் பக்கம் போய்வந்தேன். அந்தப் பக்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, கோட்டை பார்க்கப் போகிறவர்கள் உண்டு, கல்லில் பதிந்த பழங்காலச் சிப்பிகளைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. நான் போனது நெல் இலை பறிக்க. சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிப் போய் இலை பறிப்பானேன் என்று அம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்களுக்காவது விளங்குகிறதா பார்க்கலாம்.

நான் ஆராய்ச்சி மாணவி. வேலை முழுவதும் கணினியில்தான். நெற்பயிருக்குள் பல்லாயிரம் புரதங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தனியாக எதையும் செய்வதில்லை. ஒன்று இன்னொன்றோடு ஒட்டிச் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். எது எதோடு சேரும் என்று ஒவ்வொரு ஜோடியாகச் சோதித்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால் குறுக்கு வழி. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் இருக்கிறதல்லவா, அதற்குள் எந்தப் புரதம் எதோடு சேர்கிறது என்று நிறையக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதே சாயலில் இரண்டு புரதங்கள் நெல்லிலும் இருந்தால், இவையும் சேரும் என்று கணிக்கலாம். அப்படிக் கணித்து, மதிப்பெண் போட்டு, வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இரண்டு வருட உழைப்பு. அந்தப் பட்டியலைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் விடுதியில் பக்கத்து அறைக்காரிகள் எழுந்து போய்விடுவார்கள்.

என் பேராசிரியர் மட்டும் எழுந்து போகவில்லை. "கம்ப்யூட்டர் சொல்லுது, சரி. செடி என்ன சொல்லுது?" என்று கேட்டார். ஒரே ஒரு ஜோடியாவது நிஜச் செடியில் சேர்வதைக் காட்டினால் அந்த அத்தியாயம் ஆய்வேட்டில் இருக்கும், இல்லையென்றால் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டார். அதை எடுத்தால் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். 

காப்பாற்ற வந்தவள் பவுலின். என் கல்லூரித் தோழி, இப்போது திருச்சியில் புரதங்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் இருக்கிறாள். என் பட்டியலில் முதல் மூன்று ஜோடிகளைச் சோதிக்க வேண்டிய மருந்துகளையும் தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் ஒரேயொரு சோதனைக்குத்தான் அங்கே அவளுக்கு இடம் கிடைத்தது. என் ஜோடிகள் எல்லாம் பயிர் வெள்ளத்தில் மூழ்கும்போது வேலை செய்பவை. அவளுடைய அண்ணன் வயல் கொள்ளிடத்துப் பக்கம் இருக்கிறது. நட்ட பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து, இப்போதுதான் தலையைக் காட்டுகிறது. "இந்த வாரம் வந்தா உண்டு, இல்லாட்டி அடுத்த மழைதான்" என்றாள். கிளம்பிவிட்டேன்.

கோயம்பேட்டில் வெள்ளி இரவு பத்தரை மணிப் பஸ். பெரம்பலூருக்கு நூற்றைந்து ரூபாய். கையில் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டார். உள்ளே ஒன்றுமில்லை என்று திறந்து காட்டினேன். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கும்மா இம்மாம் பெரிய பொட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

விடிகாலை ஐந்துக்குள் பெரம்பலூர். பேருந்து நிலையத்தில் டீ நன்றாக இருந்தது, கழிப்பறையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஜமால் பாய் அம்பாசடரோடு காத்திருந்தார். பவுலினின் அண்ணன் ஏற்பாடு. லப்பைக்குடிகாட்டுக்காரர். சார்ஜாவில் பதினெட்டு வருடம் வண்டி ஓட்டிவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்து இந்தக் காரை வாங்கியவர். இன்று ஏலாக்குறிச்சிப் பக்கம் விடுவது, மறுநாள் அங்கிருந்து திருச்சிக்கு அழைத்துப் போவது, எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய். பெட்டியைப் பார்த்ததும், "மீனாம்மா?" என்றார்.

"இல்ல பாய். நெல்லு எல."

"எலயா? ஐஸ்ல வச்சா?"

"ஆமா."

"நான் துபாய் ஷேக்குக்குப் பருந்து ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன், அதுக்கு ஏசி போடச் சொல்வாங்க. எலைக்கு ஐஸ் இப்பத்தான் கேக்கறேன். ஏறுங்க, பிஸ்மில்லா" என்று வண்டியைக் கிளப்பினார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி. அரியலூரை நெருங்கும்போது சிமென்ட் லாரிகள் வரிசை கட்டும். கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முகத்துக்குப் பவுடர் இலவசம். அரியலூரில் நாலு இட்லி, ஒரு வடை, காபி, பதினான்கு ரூபாய். சாம்பார் பிரமாதம். மீன் கடை வீதியில் ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்பினேன். அங்கேயும் "என்ன மீனு?" என்றுதான் கேட்டார்கள். கீழப்பழுவூர் தாண்டித் திருமானூரை நெருங்க நெருங்க மண் நிறம் மாறி, கண்ணெட்டும் தூரம் வரை பச்சை. இங்கே கொஞ்சம் நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருமானூரிலிருந்து ஏலாக்குறிச்சி பத்து கிலோமீட்டர் போல. நாங்கள் போனது அதற்குச் சற்று முன்னால் உள்ள சிற்றூர்.

பவுலினின் அண்ணன் சவரிமுத்து அதிகம் பேசாதவர். அவர் மனைவி ரீட்டா அதற்கும் சேர்த்துப் பேசுபவர். பக்கத்து ஊரில் ஆசிரியை. வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம், என்ன படிக்கிறேன் என்று கேட்டார். புரதம், ஈஸ்ட் என்றெல்லாம் போகாமல் நான் எல்லாரிடமும் சொல்லும் விளக்கத்தைச் சொன்னேன்.

"ஜாதகப் பொருத்தம் பாக்கற மாதிரிங்க. இது அதோட சேருமா, சேராதான்னு கம்ப்யூட்டர் பாத்துச் சொல்லும்."

ரீட்டா சிரித்துவிட்டார். "நல்ல ஆளப் பாத்துச் சொன்னீங்க. எங்க வூட்டுல ஜாதகம்னு ஒண்ணு எழுதறதே இல்லிங்க."

மாதா படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லியிருக்கிறேன். அசடு வழிந்தேன்.

"அப்ப நீங்க எப்படிப் பாப்பீங்க?"

"பொண்ணு, மாப்பிள்ள, குடும்பம் எல்லாம் பாத்துத்தான் பேசுவோம். அப்புறம் கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம ஓல வாசிப்பாங்க. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு. நாளைக்கி வாங்க, நெறய வாசிப்பாங்க. டிசம்பர்ல கிறிஸ்மசுக்கு முந்தி திருவருகைக் காலம் வந்துட்டா கல்யாணம் வைக்க மாட்டாங்கள்ல, அதான் இப்ப நெருக்கடி."

சாயங்காலம் வயலுக்குப் போனோம். சவரிமுத்து வரப்பில் முன்னால் நடக்க, நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால். பயிர் சேறு பூசிக்கொண்டு சோர்ந்து நின்றது. நடுவில் மட்டும் புதுக் குருத்து. தாழ்ந்த மூலையில் இன்னும் முழங்கால் தண்ணீர் நின்றது. இலைகளைப் பறித்து, அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸில் வைத்தேன். என் முதல் ஜோடிக்கான இலைகள். மதிப்பெண்ணில் அதை நெருங்க வேறு ஜோடி கிடையாது. ராத்திரி ரீட்டா வைத்த விரால் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை ஏழு மணிப் பூசைக்கு நானும் போனேன். ஊர்க் கோயில், சின்னது. கடைசியில் சாமியார் ஓலை வாசித்தார். ஐந்தோ ஆறோ ஜோடிகள். பெயர், அப்பா பெயர், ஊர், இது எத்தனையாவது ஓலை என்பது. பிறகு, இவர்களின் திருமணத்துக்குத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தார். கல்யாணச் செய்தி சொல்லும்போதே ஊரைக் கூட்டி ஆட்சேபணை கேட்கிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "யாராவது வந்து தடை சொல்லியிருக்காங்களா?"

"அபூர்வங்க. ஆனா எங்க எதுத்த வூட்டுல ஒரு கூத்து நடந்துச்சு" என்றார் ரீட்டா. "பொண்ணுக்கும் பையனுக்கும் எல்லாம் பொருத்தம். படிப்பு, ஒசரம், குடும்பம், ஒரு குற சொல்ல முடியாது. ஓல ரெண்டு வாட்டி வாசிச்சாச்சு. மாப்பிள்ள மஸ்கட்ல. கம்பெனி லீவு தர மாட்டேன்னுட்டான். பொண்ணால அங்க போவ முடியாது, பையனால இங்க வர முடியாது. பொருத்தம் இருந்து என்ன செய்யறது, ரெண்டு பேரும் ஒரு எடத்துல இருந்தாத்தான கல்யாணம்?"

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் பட்டியல் நினைவுக்கு வந்தது.

ஈஸ்ட் ஒரே ஒரு செல் கொண்ட உயிர். அங்கே எல்லாப் புரதமும் ஒரே வீட்டில் குடியிருக்கிறது. அதனால் பொருத்தம் இருந்தால் சேர்ந்துவிடும். நெல் அப்படியா? வேர் ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், கதிர் ஒரு பக்கம். என் கணிப்பில் சாயல் பார்த்தேன், மதிப்பெண் போட்டேன். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவே இல்லை. சேர்வதற்கு ஆதாரம் தேடினேனே தவிர, சேராமல் போகத் தடை உண்டா என்று யாரையும் கேட்கவில்லை. என் துறையில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். மதிப்பெண் அழகாக வந்த மயக்கத்தில் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ரீட்டா வீட்டுப் போனிலிருந்து பவுலினைக் கூப்பிட்டேன். மூன்று ஜோடிகளும் செடியின் எந்தப் பாகத்தில் கண்டெடுக்கப்பட்டவை என்று இணையத்தில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"மொத ஜோடில ஒண்ணு வேர்ல மட்டும்தான் இருக்கு. இன்னொண்ணு எலைல மட்டும்தான்."

நான் மூலையில் இருந்த ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டாவது ஜோடில ஒண்ணு கதிர் வந்தப்புறம்தான் வரும். மூணாவது ஜோடி ரெண்டும் வேர்லயே இருக்கு. அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல. ஆனா நீ எலதான பறிச்சு வச்சிருக்க?"

"ஆமா."

"வேர் வேணும். தண்ணிக்குள்ள நிக்கற செடியோட வேர், மேட்டுல மூழ்காத செடியோட வேர், ரெண்டும். வேர ஐஸ்ல வச்சா போதாது, காத்துப் பட்டாலே உள்ள எல்லாம் மாற ஆரம்பிச்சிரும். புடுங்கின கையோட உறையணும். அண்ணங்கிட்டச் சொல்லி, மாட்டுக்குச் சின ஊசி போடற செல்வராசண்ணன் கேனக் கேளு. அவரு கேன்ல இருக்கறதும் எங்க லேப்ல இருக்கறதும் ஒரே திரவ நைட்ரஜன்தான்."

அடுத்த சிக்கல் சவரிமுத்து. ஞாயிற்றுக்கிழமை அவர் வயலில் இறங்குவதில்லை. அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படி. அதோடு, தண்ணீரில் செத்தது போக மிஞ்சிய பயிரை வேரோடு பிடுங்கவா என்று அவர் முகம் சுருங்கியது. நான் நிலைமையைச் சொன்னேன். இது போனால் என் இரண்டு வருடம் போயிற்று என்பதையும் சொன்னேன். 

அவர் வயல் பக்கம் பார்த்தார். பிறகு, "நான் எறங்க மாட்டேங்க. நீங்க எறங்குங்க, ஒங்களுக்குத் தடை இல்லையே" என்றார்.

ஆக, வெள்ளை வேட்டி சட்டையில் அவர் வரப்பில். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையில் ரீட்டா குடையோடு. நைட்ரஜன் கேனோடு செல்வராசு. அப்போதுதான் வந்து சேர்ந்த ஜமால் பாய். இத்தனை பேர் பார்க்க, முழங்கால் சேற்றில் நான். ஒரு குத்துப் பயிரைப் பிடித்து இழுத்தேன். மேலே உள்ள தண்டு மட்டும் கையோடு வந்தது, நான் உட்கார்ந்துவிட்டேன். சேறு இடுப்புக்கு மேல்.

"மேல புடிக்காதீங்க, அடியில கைய வுட்டுத் தூக்குங்க" என்றார் சவரிமுத்து.

"நீங்க எறங்காட்டியும் வாயி எறங்கிருச்சே" என்றார் ரீட்டா.

அடுத்த குத்து வேரோடு வந்தது. வரப்போரத் தண்ணீரில் அலசி, அலுமினியத் தாளில் சுற்றி, செல்வராசிடம் நீட்டினேன். அவர் கேனின் மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்தது. பொட்டலத்தைக் குவளையில் போட்டு உள்ளே இறக்கினார். அந்தக் குவளையின் பக்கத்துக் குவளையில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஜமால் பாய் கேட்டார். "ஜெர்சி காளைங்க பாய்" என்று செல்வராசு சொன்னதும் பாய் வானத்தைப் பார்த்துக்கொண்டார். மேட்டு வயலிலும் அதே மாதிரி எடுத்துக்கொண்டேன். சினை ஊசிகளை வேறு கேனுக்கு மாற்றிவிட்டு, இந்தக் கேனை எங்களோடு அனுப்பினார் செல்வராசு. காசு வேண்டாம் என்றார். "பாய் திரும்பி வர்றப்ப கொண்டாந்துட்டாப் போதும். நாளைக்கிக் காலைல ரெண்டு மாடு இருக்கு" என்றார்.

ஏலாக்குறிச்சியிலிருந்து திருச்சி ஐம்பது கிலோமீட்டர் போல, ஒன்றரை மணி நேரம். கேனைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தேன். மூடிய வண்டியில் அந்தப் புகை நல்லதில்லை. ஆய்வக வாசலில் பவுலின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேரு மட்டும்தான கேட்டேன், வயலையே கொண்டாந்திருக்க" என்றாள். குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

திங்கட்கிழமை சென்னைக்குத் திரும்பும் வழியில் ரஞ்சன்குடிக் கோட்டையில் இறங்கினேன். பெரம்பலூர் தாண்டியதும் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். ஏறிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். மேலே நல்ல காற்று. எல்லாருக்கும் அங்கே சண்டையும் பீரங்கியும் நினைவுக்கு வரும். நான் மேலே உட்கார்ந்து என் பட்டியலில் இன்னும் எத்தனை ஜோடிகள் வேர் ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கின்றனவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவலையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பட்டியலின் மேல் ஒரு நிஜமான ஆசையும் வந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அரியலூருக்கு ரயில் உண்டு, இடம் கிடைத்தால் பஸ்ஸைவிட அது மேல். திருமானூரிலிருந்து உள்ளூர்ப் பஸ்கள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு, அதனால் வண்டி பேசிக்கொள்வது நல்லது. தங்க வேண்டுமென்றால் அரியலூரிலோ தஞ்சாவூரிலோ தங்குங்கள். முந்திரி வேண்டுவோர் உடையார்பாளையம் வரை போய் வாங்கலாம், எனக்கு நேரமில்லை. நவம்பரில் குடை கட்டாயம். என்னைப் போல் மாதிரி எடுக்கப் போகும் கணினி ஆட்களுக்கு: மாற்று உடை இரண்டு செட் எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன், எந்தப் பாகத்தை எடுக்கிறோம் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். திரவ நைட்ரஜனை வெறுங்கையால் தொடாதீர்கள், கேனை இறுக மூடாதீர்கள்.

டிசம்பர் நடுவில் பவுலின் கூப்பிட்டாள். அவள் குரலிலேயே தெரிந்துவிட்டது. மேட்டு வயல் வேரில் அந்த இரண்டு புரதங்களும் தனித்தனியாக இருந்தன. தண்ணீரில் நின்ற வேரில் சேர்ந்திருந்தன. சந்தேகம் போக மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றாள். நான் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அத்தியாயம் இருக்கலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பட்டியலில் பாதிக்கு மேல் தடை கேட்டதில் உதிர்ந்துவிட்டது, அதில் அவருக்கு இன்னும் சந்தோஷம்.

அன்று மாலையே சவரிமுத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். தண்ணீருக்குள் நெல் மூச்சுத் திணறும்போது வேருக்குள் இரண்டு புரதங்கள் ஒன்று சேர்கின்றன, நெல்லில் இதுவரை யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை, முதலில் பார்த்தது அவருடைய பயிரில்தான் என்று சொன்னேன்.

 

"எங்க வயல்லயா?" என்றார்.

"ஒங்க வயல்லதாங்க. அந்தத் தாழ்ந்த மூலையில."

"இருங்க, வச்சிராதீங்க. இத ரீட்டாகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டா."